‘நான் செய்தேன்’ என்றால் திமிரா?

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நம் மாலைப் பயிற்சி மையத்துக்குப் பழைய மாணவி ஒருத்தி வந்திருந்தாள். திண்டிவனம் பக்கத்துக் காலனிப் பெண். தனியார் மருத்துவமனை ஒன்றில் மூன்று ஆண்டுகளாக லேப் டெக்னீசியன் வேலை. பிள்ளைகளுக்கு வாங்கிவந்த பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்துக் கொடுத்துவிட்டு ஓரமாக உட்கார்ந்தாள். முகம் சரியில்லை. என்னவென்று கேட்டோம்.

அவள் வேலை பார்க்கும் லேபில் ரத்தம் எடுத்த குழாய்கள் மாறிப்போவது வழக்கமாக இருந்திருக்கிறது. ஒருவருடைய ரத்தம் இன்னொருவர் சீட்டோடு சேர்ந்துவிடும். நோயாளியைத் திரும்பக் கூப்பிட்டு மறுபடி ஊசி குத்த வேண்டும். ஒரு நாளைக்கு நான்கைந்து பேருக்காவது இப்படி நடக்கும். இவள் யோசித்து ஓர் ஒழுங்கைக் கொண்டுவந்தாள். டோக்கன் எண்ணைச் சீட்டிலும் குழாயிலும் நோயாளியின் கண்ணெதிரிலேயே எழுதிவிடுவது, வார்டு வாரியாகத் தனித்தனி ஸ்டாண்டில் வைப்பது, அவ்வளவுதான். இரண்டு மாதத்தில் மறுபடி குத்துவது வாரத்துக்கு ஒன்றிரண்டாகக் குறைந்துவிட்டது. மாதக் கூட்டத்தில் நிர்வாகி இதைக் கவனித்து, யார் செய்த ஏற்பாடு என்று கேட்டிருக்கிறார். மேற்பார்வையாளர் எழுந்து, “நாங்க பேசி முடிவு பண்ணோம் சார்” என்றார். நிர்வாகி அவரைப் பாராட்டினார். எல்லோரும் கை தட்டினார்கள். இவளும் தட்டினாள்.

“நீ ஏம்மா பேசல?”

“நானே என்னைச் சொல்லிக்கிட்டா திமிருன்னு சொல்லுவாங்கண்ணா.”

இந்தத் திமிர் என்ற சொல்லைப் பற்றித்தான் இந்த வாரம் பேச வேண்டும். நம் தெருக்களில் பிறந்தவர்களுக்கு இதன் பொருளை அகராதியில் தேட வேண்டியதில்லை. புதுச் சட்டை போட்டு ஊர்த்தெரு வழியாக நடந்தால் திமிர். டீக்கடை பெஞ்சில் கால்மேல் கால் போட்டால் திமிர். புல்லட் வாங்கினால் திமிர். கூலியைக் கணக்குப் போட்டுக் கேட்டால் பெருந்திமிர். அதே காரியத்தை ஊர்ப்பக்கத்துப் பையன் செய்தால் அதற்கு வேறு பெயர்கள் இருக்கின்றன. துடிப்பு, கெத்து, விவரம். அலுவலகத்துக்கு வந்த பிறகும் இந்தச் சொல் நம்மை விடுவதில்லை. ஒருவர் “இதை நான் செய்தேன்” என்றால் ‘தன்னம்பிக்கையுள்ள இளைஞர்’. நம் பிள்ளை அதையே சொன்னால், “வந்து நாலு நாள் ஆகல, என்ன பேச்சுப் பேசுது பாரு.”

இதற்குப் பின்னால் ஒரு நெடிய பழக்கம் இருக்கிறது. நம் பாட்டன்மார் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு களத்து ஓரத்தில் நின்றார்கள். விடியற்காலையிலிருந்து அறுத்துக் கட்டித் தூக்கிப் போரடித்துவிட்டு, கூலி வாங்கும்போது “ஏதோ பாத்துச் செய்யுங்க சாமி” என்றார்கள். அவர்கள் செய்த வேலை எவ்வளவு என்பது நிலக்காரருக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். ஆனால் அதை வாயால் சொல்லக் கூடாது. சொன்னால் அடுத்த நாள் வேலை கிடையாது, சில சமயம் உடம்பில் தோலும் இருக்காது. திருவிழா நோட்டீஸை எடுத்துப் பாருங்கள். மண்டகப்படிதாரர் பெயர் இருக்கும், பந்தல் போட்ட காண்ட்ராக்டர் பெயர் இருக்கும், நாகசுர வித்துவான் பெயர் ஊரோடு இருக்கும். பத்து நாள் பறையடித்தவர் பெயர் இருக்காது. வேலை செய்தவர்கள் பெயரில்லாமல் இருப்பதுதான் முறை என்று ஊர் பழக்கி வைத்திருந்தது. நாமும் பழகிப்போனோம். அந்தப் பழக்கத்தை ‘அடக்கம்’ என்று நம் அம்மாக்களே நமக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். பிள்ளைகள் அடிபடாமல் இருக்க வேண்டுமே என்ற பயம் அவர்களுக்கு. அவர்களைக் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை.

ஆனால் களத்து ஓரத்தில் உயிரைக் காத்த அந்த அடக்கம், கூட்ட அறையில் உழைப்பைக் களவு கொடுக்கிறது.

நன்னூல் தரும் அனுமதி

தமிழ் படித்தவர்கள் ஆதலால் நமக்கு இந்த இடத்தில் பவணந்தி முனிவர் நினைவுக்கு வருகிறார். 13ஆம் நூற்றாண்டில் அவர் எழுதிய நன்னூலின் பாயிரத்தில், தன்னைத்தானே புகழ்வது தகாது என்று ஒரு சூத்திரம் உண்டு. யாருக்கும் எட்டாத நூல்களைச் செய்து முடித்தவனாக இருந்தாலும் தகாது என்கிறார். பள்ளியில் நமக்குச் சொல்லிக் கொடுத்தது இந்தச் சூத்திரத்தோடு நின்றுவிட்டது. அதற்கு அடுத்த சூத்திரத்தைக் கல்லூரிக்குப் போய்த்தான் படித்தோம். அதில் நான்கு இடங்களில் தன்னைப் புகழ்ந்துகொள்ளலாம் என்று அதே முனிவர் விதிவிலக்குத் தருகிறார். அரசனுடைய சபைக்கு ஓலை எழுதி அனுப்பும்போது. தன் ஆற்றலை அறியாதவர்கள் நடுவில் இருக்கும்போது. அவையில் வாதிட்டு வெல்ல வேண்டிய நேரத்தில். எதிராளி தன்னைப் பழிக்கும்போது.

இன்றைய சொல்லில் இதைப் பெயர்த்துப் பாருங்கள். ஓலை என்பது வேலைக்கான விண்ணப்பம். ஆற்றலை அறியாதவர்கள் என்றால் நேர்முகத் தேர்வில் எதிரே உட்கார்ந்திருப்பவர்கள். அவை என்பது மாதக் கூட்டம். பழிக்கும் எதிராளி யாரென்று நாம் விளக்க வேண்டியதில்லை. ‘கோட்டாவுல வந்தவங்க’ என்ற பேச்சைக் கேட்காத நம்மவர் எந்த அலுவலகத்திலும் இருக்க மாட்டார்.

நன்னூலார் இந்த அனுமதியைப் புலவர்களுக்குத்தான் தந்தார். அந்தக் காலத்தில் யார் புலவராக முடிந்தது என்ற கேள்வி தனி. நாம் அதை நமக்கும் எடுத்துக்கொள்கிறோம், அவ்வளவுதான்.

திறமை இருந்தால் அதுவே பேசும், நாம் ஏன் பேச வேண்டும் என்று சிலர் கேட்பார்கள். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு 1917இல் பரோடா சமஸ்தானத்தில் வேலைக்கு வந்த அம்பேத்கருக்குத் தங்குவதற்கு ஓர் அறை கிடைக்கவில்லை. பார்சிகளின் விடுதி ஒன்றில் பார்சிப் பெயரைச் சொல்லித் தங்கினார். பதினோராவது நாள் தடியோடு வந்தவர்கள் அவரை வெளியேற்றினார்கள். அவருடைய படிப்பு அந்த இடத்தில் வாய் திறந்து பேசவில்லை. பின்னாளில் அவரே ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ என்ற நினைவுக் குறிப்பில் எழுதினார். எழுதியதால்தான் நமக்குத் தெரிகிறது.

நம் மண்ணில் அதற்கும் முன்னால் ஒருவர் இருந்தார். இரட்டைமலை சீனிவாசன் 1893இல் பத்திரிகை தொடங்கியபோது, எந்தப் பெயரைச் சொல்லி ஊர் இழிவு செய்ததோ அந்தப் பெயரையே, ‘பறையன்’ என்றே, அதற்கு வைத்தார். 1930இல் அம்பேத்கரோடு லண்டன் வட்டமேசை மாநாட்டுக்குப் போனார். 1939இல் தன் வாழ்க்கையை ‘ஜீவிய சரித்திர சுருக்கம்’ என்று தானே எழுதி வெளியிட்டார். எண்பதை நெருங்கிய வயதில், தான் செய்த வேலைகளை எழுதி வைத்ததைத் தற்பெருமை என்று யாராவது சொல்வார்களா? சொன்னால் சொல்லட்டும். அவர் எழுதியிராவிட்டால் அந்த வேலைகளில் பாதி நமக்குத் தெரியாமலே போயிருக்கும்.

இருபது விநாடி

நம் மையத்தில் மாதம் ஒருமுறை மாதிரி நேர்முகத் தேர்வு நடத்துகிறோம். “உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்” என்பதுதான் எப்போதும் முதல் கேள்வி. போன முறை ஒரு தம்பி வந்தான். டிப்ளமோ மெக்கானிக்கல். பெயர், அப்பா பெயர், ஊர், படித்த படிப்பு, “அவ்வளவுதான் சார்.” கடிகாரத்தைப் பார்த்தோம். இருபது விநாடி.

வேறென்ன செய்கிறாய் என்று துருவினோம். சும்மா இருக்கிறேன் என்றான். சும்மா என்றால்? மெல்ல மெல்ல வந்தது. இரண்டு ஆண்டுகளாகக் காலனியில் முப்பது பிள்ளைகளுக்கு மாலையில் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறான். சுற்று வட்டாரத்தில் மோட்டார் பம்பு பழுதானால் இவனைத்தான் கூப்பிடுகிறார்கள். சென்ற கோடையில் ஊராட்சியின் குடிநீர் மோட்டார் எரிந்துபோனபோது டவுனிலிருந்து ஆள் வர மூன்று நாள் ஆகும் என்றார்கள். இவன் ஒரே இரவில் ஓட வைத்தான். இதையெல்லாம் ஏன் சொல்லவில்லை என்றால், “அது ஒரு வேலையா சார்?” என்கிறான்.

சம்பளம் இல்லாத உழைப்பை வேலையாகவே எண்ணாத இந்த மனத்தை மாற்றுவதுதான் கடினம். மற்றது எளிது. அவனை மறுபடி உட்கார வைத்தோம். பெரிய வார்த்தை எதுவும் வேண்டாம், ‘கடின உழைப்பாளி’, ‘தலைமைப் பண்பு’ என்று நெட்டுரு போட்டுவந்து சொல்லாதே, அதைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள் என்றோம். நடந்ததை நடந்தபடி சொல். கடைசியில் அவன் சொன்னது இது: “டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்திருக்கிறேன். மோட்டார் பம்பு பழுது பார்ப்பது எனக்கு நன்றாக வரும். எங்கள் ஊராட்சிக் குடிநீர் மோட்டார் சென்ற மே மாதம் எரிந்துபோனபோது, என் நண்பர் ஒருவர் துணையோடு ஒரே இரவில் சரிசெய்தேன். மறுநாள் காலை தண்ணீர் வந்தது.” இதில் தன்னைப் புகழும் சொல் எதுவும் இல்லை. கேட்பவரே புகழ்ந்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டான்.

இன்னொன்றையும் கவனித்தோம். நம் பிள்ளைகள் எல்லாவற்றையும் ‘பண்ணோம், செஞ்சோம்’ என்றே சொல்கிறார்கள். புராஜெக்ட்டை முழுக்கத் தான் ஒருத்தியே செய்திருந்தாலும் “நாங்க பண்ணோம்”. எதிரே இருப்பவருக்கு நீங்கள் செய்த பங்கு எது என்று எப்படித் தெரியும்? இந்தப் பத்தியிலேயே நீங்கள் ‘நாம்’ என்றுதானே எழுதுகிறீர்கள் என்று ஒரு மாணவி கேட்டுவிட்டாள். சரியான கேள்வி. அது மேடைப் பழக்கம். மேடைக்கு உதவும், விண்ணப்பத்துக்கு உதவாது.

‘குடும்பப் பின்னணி’ என்ற கேள்வியும் வரும். இது வெறும் குசலம் விசாரிப்பு அல்ல. சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் டெல்லியில் பெரிய நிறுவனங்களின் மனிதவள மேலாளர்களைச் சந்தித்து, 2007இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தகுதி ஒன்றையே பார்க்கிறோம் என்று சொன்ன அதே மேலாளர்கள், விண்ணப்பதாரரின் குடும்பப் பின்னணியைக் கேட்பதை மிக இயல்பான காரியமாகச் சொன்னார்கள். அதே ஆண்டில் சுகதேவ் தோரட்டும் பால் அட்டிவெல்லும் செய்த ஆய்வு, ஒரே தகுதியோடு அனுப்பிய விண்ணப்பங்களில் தலித் குடும்பப்பெயர் கொண்டவற்றுக்கு அழைப்பு வரும் வாய்ப்பு குறைவு என்று காட்டியது. தமிழ்நாட்டில் நம் பெயருக்குப் பின்னால் சாதி இல்லை. அதனால் இங்கே கேள்வி சுற்றி வரும். எந்த ஊர், ஊரில் எந்தத் தெரு, அப்பா என்ன செய்கிறார்?

இதற்குப் பொய் சொல்ல வேண்டாம், குரலைத் தாழ்த்தவும் வேண்டாம். “அப்பா கட்டட வேலை செய்கிறார், அம்மா நூறுநாள் வேலைக்குப் போகிறார். எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான்” என்று சொல்லிவிட்டு உங்கள் வேலைக்குப் பேச்சைத் திருப்புங்கள். கல்விக் கட்டணச் சலுகைக்காக வாங்கிய முதல் பட்டதாரிச் சான்றிதழ் பலருடைய ஃபைலில் கிடக்கிறது. அது நம்மவர்கள் கூச்சத்தோடு நீட்டும் காகிதமாக ஏன் இருக்க வேண்டும் என்பது நமக்கு இன்னும் விளங்கவில்லை.

எழுதிய எழுத்து

வேலை கிடைத்த பிறகு நடப்பது வேறு கதை. மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் பதினைந்து ஆண்டுகளாக இருக்கும் நண்பர் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அங்கே ஆண்டுதோறும் பணிமதிப்பீட்டு அறிக்கை உண்டு. ஏ.பி.ஏ.ஆர். என்பார்கள். அதில் மேலதிகாரி எழுதுவதற்கு முன், ஊழியர் தன் பணியைப் பற்றித் தானே எழுதும் சுயமதிப்பீட்டுப் பகுதி இருக்கிறது. நம் நண்பர் அதில் ஒவ்வோர் ஆண்டும் ஒரே வரியை எழுதி வந்திருக்கிறார்: ‘ஒப்படைக்கப்பட்ட பணிகளைச் செவ்வனே செய்து முடித்தேன்.’ பக்கத்து மேசைக்காரர் ஒன்றரைப் பக்கம் எழுதுவார். நண்பருக்கு ஆண்டுதோறும் ‘நன்று’. பக்கத்து மேசைக்கு ‘மிக நன்று’. பதவி உயர்வுக்கு வேண்டியிருந்தது ‘மிக நன்று’.

‘நன்று’ நல்ல சொல்தானே என்று தோன்றும். தேவ் தத் என்ற பொறியாளர் தொடுத்த வழக்கில் 2008இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது இதைப் பற்றித்தான். பதவி உயர்வுக்கு ‘மிக நன்று’ தேவைப்படும் இடத்தில் ‘நன்று’ என்பது பாதகமான குறிப்பே என்றது நீதிமன்றம். எந்தக் குறிப்பானாலும் ஊழியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும் சொன்னது. அதைத் தொடர்ந்து 2009இல் மத்திய அரசின் பணியாளர் துறை, மதிப்பீட்டு அறிக்கை முழுவதையும் ஊழியரிடம் காட்ட வேண்டும், அதன்மேல் அவர் 15 நாளுக்குள் முறையீடு செய்யலாம் என்று ஆணையிட்டது. நண்பருக்கு அந்த 15 நாள் பற்றித் தெரிந்திருந்தது. ஆனால் முறையீட்டில் என்ன எழுதுவார்? ஆண்டு முழுவதும் செய்த வேலைக்கு அவரிடம் ஒரு குறிப்பும் இல்லை. சுயமதிப்பீட்டில் அவரே ஒரு வரிதான் எழுதியிருந்தார்.

அதன்பின் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினார். தினமும் மாலை கிளம்புவதற்கு முன் இரண்டு வரி. எத்தனை கோப்பு வந்தது, எத்தனை முடிந்தது, நிலுவையில் கிடந்த எந்த விவகாரம் தீர்ந்தது. அடுத்த ஆண்டு சுயமதிப்பீட்டில் ‘செவ்வனே’ என்ற சொல்லை விட்டுவிட்டார். ‘ஆண்டுத் தொடக்கத்தில் 212 ஓய்வூதியக் கோப்புகள் நிலுவையில் இருந்தன. ஆண்டு முடிவில் 19. இவற்றில் 140 கோப்புகளை நான் கையாண்டேன்’ என்று எழுதினார். கூட வேலை செய்த இரண்டு பேருடைய பங்கையும் குறித்தார். மேலதிகாரி அதைப் படித்துவிட்டு, “என்ன, இந்த வருஷம் கணக்கெல்லாம் பலமா இருக்கு” என்றாராம். கேலியா பாராட்டா என்று இவருக்குப் புரியவில்லை. ஆனால் அந்தக் கணக்கை அடித்து எழுத அவரால் முடியவில்லை.

கோட்டாப் பேச்சுக்கு வருவோம். நமக்குத் தெரிந்த கணக்கு ஆசிரியை ஒருவர். ஆசிரியர் அறையில் ஒருவர், இவர் காதில் விழட்டும் என்றே, “மார்க் இல்லாதவங்க எல்லாம் கோட்டாவுல உள்ள வந்துடறாங்க” என்றிருக்கிறார். முன்பெல்லாம் கழிவறைக்குப் போய் அழுதுவிட்டு வருவாராம். அன்று திரும்பி, “ஆமாங்க சார், கோட்டாவுலதான் வந்தேன். என் வகுப்புல 38 பேர் எழுதி 38 பேரும் கணக்குல தேறியிருக்காங்க. லிஸ்ட் ஹெச்.எம். மேசையில இருக்கு” என்றார். குரலை உயர்த்தவில்லை. இட ஒதுக்கீட்டின் நியாயத்தை அந்த நேரத்தில் விளக்கவும் இல்லை. அதை விளக்க நமக்கு மேடைகள் இருக்கின்றன. அங்கே தேவைப்பட்டது அந்த 38 மட்டும்.

நாம் வாங்கிய சூடு

பெருமைக்கும் உரிமைக்கும் நடுவில் இருக்கும் கோட்டை நமக்குக் காட்டிக் கொடுத்தவர் ஒரு மூதாட்டி. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு காலனியில் வீட்டுமனைப் பட்டா வாங்கப் போராடினோம். கிடைத்தது. நன்றி அறிவிப்புக் கூட்டம் போட்டு, மைக் பிடித்து, “நாங்கள் போராடி வாங்கிக் கொடுத்த பட்டா” என்று முழங்கினோம். கூட்டத்தின் பின்னாலிருந்து ஓர் ஆயா எழுந்தார். “ஏம்பா, நீ வாங்கிக் குடுத்தியா? நா பதினோரு தடவ தாலுக்கா ஆபீசுக்கு நடந்தேன். அதுல நீ மூணு தடவதான் வந்த.” கூட்டம் சிரித்தது. நமக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

மேற்பார்வையாளர் அந்தப் பெண்ணுக்குச் செய்ததைத்தான் நாம் ஆயாவுக்குச் செய்திருந்தோம். அன்றிலிருந்து எதைச் சொல்வதானாலும் பதினொன்றில் நம்முடையது மூன்று என்பதை மனத்தில் வைத்துக்கொள்கிறோம். அந்த மூன்றையும் விட்டுக் கொடுப்பதில்லை. பெருமையடிப்பவர் என்று பெயர் வாங்குபவர்களைக் கவனித்தால், பெரும்பாலும் பிறருடைய எட்டையும் சேர்த்துக்கொண்டவர்களாக இருப்பார்கள். உடன் உழைத்தவர் பெயரையும் சேர்த்துச் சொன்னால் நம் பங்கு குறைந்துவிடாது. சாட்சி ஒருவர் கூடுகிறார்.

எவ்வளவு பக்குவமாகச் சொன்னாலும் திமிர் என்று சொல்பவர்கள் சொல்லத்தான் செய்வார்கள். 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டை ஊராட்சியின் தலைவரை, மற்றவர்கள் நாற்காலியில் இருக்கத் தரையில் உட்கார வைத்த படம் எல்லோரும் பார்த்ததுதான். மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த தலைவருக்கே நாற்காலி இல்லை. அங்கே பேசும் முறையைத் திருத்திக்கொள்ளச் சொல்லி எதுவும் ஆகாது. அதற்குச் சட்டம் வேண்டும், வழக்கு வேண்டும், தெருவில் இறங்க ஆள் வேண்டும். எந்த இடம் நோட்டுப் புத்தகத்தால் தீரும், எந்த இடம் தீராது என்று பிரித்தறிந்துகொள்ள வேண்டும்.

லேப் பெண்ணுக்கு அன்று நாம் அதிகம் எதுவும் சொல்லவில்லை. மேற்பார்வையாளரைக் குற்றம் சாட்டிப் பேசாதே, அடுத்த கூட்டத்துக்கு முன் இரண்டு மாதக் கணக்கை ஒரே தாளில் எழுதி எடுத்துக்கொள் என்றோம். நோட்டு இருக்கிறதா என்றதும் கைப்பையிலிருந்து எடுத்துக் காட்டினாள். தேதி வாரியாக, நீலப் பேனாவில், ஒரு நாள் விடாமல் எழுதி வைத்திருந்தாள். நாம் சொல்லிக் கொடுக்க அங்கே ஒன்றும் இல்லை.

இந்த மாதக் கூட்டம் சென்ற செவ்வாய்க்கிழமை நடந்திருக்கிறது. இரவு போன் செய்தாள். லேப் பற்றிய பேச்சு வந்தபோது எழுந்து, “டோக்கன் நம்பர் எழுதற முறைய மார்ச்சுல நான் ஆரம்பிச்சேன் சார். நைட் ஷிப்ட்ல ரெண்டு பேர் சேர்ந்து செஞ்சாங்க. இது ரெண்டு மாசக் கணக்கு” என்று தாளை நீட்டியிருக்கிறாள். கை நடுங்கியதாம். அறையில் யாரும் பேசவில்லை. மேற்பார்வையாளர் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். நிர்வாகி தாளை வாங்கி இரண்டு முறை படித்துவிட்டு, பக்கத்துக் கிளை லேபிலும் இதைச் சொல்லிக் கொடுக்க முடியுமா என்று கேட்டார். வியாழக்கிழமை போகிறாள். சம்பளத்தைப் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை. அதை எப்படிக் கேட்பது என்று பேச வரும் ஞாயிறு மையத்துக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.